பாலை மரம் இல்லாத வன்னி

2013 ஆகஸ்ட் 23, வெள்ளிக்கிழமை. ஈழப் போரைப் பின்னணியாகக் கொண்ட இந்திப் படம் 'மெட்ராஸ் கஃபே' வெளியாக வேண்டிய நாள். பல்லாவரத்திலிருந்து தாம்பரம் வரை எந்தத் தியேட்டரிலும் அந்தப் படம் வரவில்லை. தமிழ்நாட்டில் எங்குமே வரவில்லை. சீமானும் வைகோவும் எதிர்த்தார்கள், மதுரையில் வழக்கு நடந்தது, தியேட்டர்காரர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். ஆனால் யாருமே பார்க்காத அந்தப் படத்தைப் பற்றித்தான் சேலையூர் டீக்கடைகளில் ஒரு வாரம் பேச்சு.

நான் ஒரு நாளிதழின் செய்திப் பிரிவில் 31 வருஷம் வேலை பார்த்தவன். ராத்திரி ஷிப்ட் முடிந்து, விடியற்காலை முதல் மின்சார ரயிலில் தாம்பரம் வந்து இறங்குவேன். இலங்கைச் செய்தி இந்தப் பகுதிக்கு ஒருநாளும் வெளிநாட்டுச் செய்தியாக இருந்ததில்லை. 1991 மே 21-ல் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட ஸ்ரீபெரும்புதூர் இங்கிருந்து பஸ் பிடித்தால் போகிற தூரம். அந்த இடத்திலேயே இறந்த புகைப்படக்காரர் ஹரிபாபுவின் கேமரா மட்டும் தப்பியது. அதில் இருந்த படங்கள்தான் விசாரணைக்கு வழிகாட்டின. கொன்றது விடுதலைப் புலிகள் என்றானபின் ஈழத்தமிழருக்கு வீடு கொடுக்க ஊரே பயந்தது. 2012 ஜூலையில் தாம்பரம் விமானப்படைத் தளத்தில் இலங்கை விமானப்படையினர் 9 பேர் பயிற்சி பெறுவது தெரிந்து அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா எதிர்த்தார். அவர்களை பெங்களூரு எலகங்காவுக்கு மாற்றினார்கள். 2013 மார்ச்சில் ஈழத்தமிழருக்கு நீதி கேட்டு லயோலா கல்லூரி மாணவர்கள் தொடங்கிய உண்ணாவிரதம் மாநிலம் முழுக்கப் பரவி, அரசு கல்லூரிகளை மூடியது. ஆறாத ரணம் அது. அதன்மேல் வந்து விழுந்த படம் 'மெட்ராஸ் கஃபே'.

ஒரு டிவிடி எப்படியோ எங்கள் தெருவுக்கு வந்தது. எதிர் வீட்டில் விமானப்படையில் வாரண்ட் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் மாடியில் 1990-ல் இலங்கையிலிருந்து படகில் வந்து சேர்ந்த ஓர் அக்கா. இரண்டு பேரையும் என் வீட்டு ஹாலில் உட்காரவைத்துப் படத்தைப் போட்டது சரியா தவறா என்று இன்றும் யோசிக்கிறேன்.

வாரண்ட் ஆபீசருக்குப் படம் பிடித்தது. "எங்க பசங்க ஆயிரம் பேருக்கு மேல செத்தாங்க சார். திரும்பி வந்தப்போ வரவேற்கக்கூட முதலமைச்சர் வரலை. ஒருத்தராவது படமா எடுத்தாங்களே" என்றார். இலங்கைக்குப் போயிருந்த இந்திய அமைதிப்படை 1990 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கியபோது கலைஞர் போகாததைச் சொன்னார். அக்கா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "ஆஸ்பத்திரிக்குள்ள நடந்தது இதில வருமோ?" என்று கேட்டார். 1987 தீபாவளியன்று யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குள் அமைதிப்படை நுழைந்து சுட்டதில் நோயாளிகள், மருத்துவர்கள், தாதியர் என்று 60-க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். படத்தில் அது வரவில்லை. அக்கா பாதியிலேயே மாடிக்குப் போய்விட்டார். வாரண்ட் ஆபீசரும் அதன்பின் வாயைத் திறக்கவில்லை.

நான் பார்த்துக்கொண்டிருந்தது அந்தப் பத்திரிகையாளர் பாத்திரத்தை. நர்கிஸ் ஃபக்ரி நடித்த ஜெயா லண்டனிலிருந்து வருகிறாள், ஆங்கிலத்தில் பேசுகிறாள், எல்லாரிடமும் செய்தி வாங்குகிறாள். எங்கள் மேசைக்கு யாழ்ப்பாணச் செய்தி அப்படி வந்ததில்லை. அங்கேயே பிறந்து, அங்கேயே ஊரடங்கில் அடைந்து கிடந்தவர்களிடமிருந்து வந்தது. பிபிசி தமிழோசைக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்த மயில்வாகனம் நிமலராஜனை 2000 அக்டோபர் 19-ம் தேதி இரவு, ஊரடங்கு நேரத்தில், அவர் வீட்டிலேயே கொன்றார்கள். தமிழ்நெட் இணையதள ஆசிரியர் தராக்கி சிவராமை 2005 ஏப்ரல் 28-ல் கொழும்பில் கடத்தி, மறுநாள் பிணமாகப் போட்டார்கள். 2006 மே மாதம், உலகப் பத்திரிகைச் சுதந்திர நாளுக்கு முந்தின இரவு, யாழ்ப்பாணத்து 'உதயன்' நாளிதழ் அலுவலகத்துக்குள் புகுந்து இரண்டு ஊழியர்களைச் சுட்டார்கள். இந்தச் செய்திகளை நானே எடிட் செய்து அச்சுக்கு அனுப்பியிருக்கிறேன். இவர்களைப் பற்றித் தியேட்டரில் ஓடிய முழுநீளப் படம் ஒன்றையும் நான் பார்த்ததில்லை. அந்தக் கோபம் எனக்கு உண்டு.

ஒரு படம் வந்திருக்கலாம். புலிகளின் தொலைக்காட்சியில் செய்தி வாசித்து, போரின் முடிவில் கொல்லப்பட்ட இசைப்பிரியாவை வைத்து கு. கணேசன் 'போர்க்களத்தில் ஒரு பூ' எடுத்தார். 2015-ல் தணிக்கைக் குழு சான்றிதழ் தர மறுத்தது. இந்தப் படம் வேண்டாம் என்று நீதிமன்றம் போனவர்களில் இசைப்பிரியாவின் தாயும் சகோதரியும் உண்டு. அக்காவிடம் இதைச் சொன்னபோது அவர் சொன்ன பதில்: "பெத்தவளுக்கு அந்தப் படத்தை ஒரு தரம் பார்த்தது போதும், தம்பி." அவர் சொன்னது இசைப்பிரியாவின் முடிவைக் காட்டி சேனல் 4 ஒளிபரப்பிய காட்சியை. படம் வரட்டும் என்று அதுவரை வாதாடிக்கொண்டிருந்த நான், அதன்பின் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

2024-ல் என் மகனும் மருமகளும் வேளச்சேரி மாலில் 'சிவில் வார்' பார்த்துவிட்டு வந்தார்கள். அமெரிக்காவில் உள்நாட்டுப் போர், நடுவில் நாலு பத்திரிகையாளர்கள். "எதுக்கு சண்டைன்னே சொல்லலையேப்பா" என்று மகனுக்கு எரிச்சல். சொல்லாமல் விட்டதுதான் நன்றாக இருந்தது என்றாள் மருமகள். மறுவாரம் நானும் போய்ப் பார்த்தேன். கேமராவின் க்ளிக் விழுந்ததும் சத்தம் அடங்கி, ஒரு கறுப்பு வெள்ளைப் படம் மட்டும் நிற்கிறது. எங்கள் டார்க் ரூமில் ட்ரேயிலிருந்து ஒரு முகம் மெல்ல எழும்போது வருகிற மௌனம் அது. ஆனால் காரணம் சொல்லாத போரை என்னால் நம்ப முடியவில்லை. எங்கள் தெருவில் சின்னப் பிள்ளைக்குக்கூட அது என்ன போர், யாருக்கும் யாருக்கும் என்று தெரிந்திருந்தது.

அந்த வாரமே மகன் டிவியில் 'எ பிரைவேட் வார்' போட்டான். போர்ச் செய்தியாளர் மேரி கொல்வின் கதை, 2018-ல் வந்தது. 2001 ஏப்ரலில், புலிகளின் பிடியில் இருந்த வன்னியிலிருந்து வெளியேறும்போது இலங்கை ராணுவம் சுட்டதில் அவருக்கு இடது கண் போனது. "பத்திரிகையாளர்" என்று கத்திய பிறகும் சுட்டார்கள். கண் போன நிலையிலும் 3,000 வார்த்தைக் கட்டுரையை நேரத்துக்குக் கொடுத்தார். அந்தச் செய்தியைத் தமிழில் எழுதி முதல் பக்கத்துக்குக் கொடுத்தவன் நான். 2009 மே மாதம், முள்ளிவாய்க்காலின் கடைசி நாட்களில், சரணடைய வழி கேட்டு புலிகளின் அரசியல் துறைத் தலைவர் நடேசன் போன் செய்ததும் கொல்வினுக்குத்தான். போர்ப் பகுதிக்குள் பத்திரிகையாளர்களை அரசு விடாமல் வைத்திருந்த காலம் அது. படத்தில் அந்த 2009 இல்லை. 2012-ல் சிரியாவின் ஹோம்ஸ் நகரில் அவர் செத்ததோடு முடிகிறது.

அக்கா அன்றைக்குக் கீழே வந்திருந்தார். கண் போகிற காட்சி வந்ததும் மகனைப் பார்த்து, "திரும்பப் போடு ராசா" என்றார். போட்டான். இன்னொரு தரம் போடச் சொன்னார். மூன்றாவது தரம் எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

"அந்தப் பிள்ளை நல்லாத்தான் நடிச்சிருக்கு" என்றார். "ஆனா இது எங்கட காடு இல்லை. ஒரு பாலை மரத்தையும் காணேல்லை."

படத்தைப் பெரும்பாலும் ஜோர்டானிலும் லண்டனிலும் எடுத்தார்கள் என்று மகன் சொன்னான். அக்கா தலையாட்டிக்கொண்டார். பாலைப் பழம் எந்த மாதம் பழுக்கும், தின்றால் உதட்டில் பால் எப்படி ஒட்டும் என்று மருமகளுக்குச் சொல்லத் தொடங்கினார். மகன் சத்தத்தைக் குறைத்தான். படம் ஓடிக்கொண்டிருந்தது.