பெலுமுட் மலையும் கற்பூர மொழியும்

குளுவாங் பக்கம் பெலுமுட் மலைக்கு விடுமுறை நாள்களில் இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக ஏறுகிறார்கள். உயரம் 1,010 மீட்டர். இன்று பாதை உண்டு. ஹெர்வே என்ற பிரிட்டிஷ் அதிகாரி தம் பெலுமுட் பயணத்தை எழுதி வெளியிட்ட 1879-இல், ஜொகூரின் உட்பகுதிக்கு ஆறுதான் சாலை.

1892-இல் அந்த உட்பகுதியை அளந்துவந்த ஜொகூர் அரசின் பொறியியலாளர் ஹேரி லேக், ராணுவ அதிகாரி கெல்சாலுடன் எண்டாவ் முகத்துவாரத்தில் படகேறினார். செம்புரோங் ஆற்று வழியே மேற்கே பத்து பகாட் வரை பயணம். திசைகாட்டி திசையைச் சொல்லும். எந்த ஓடை எங்கே போகிறது என்று சொல்லுமா? அதை அறிந்தவர்கள் அங்கே வாழ்ந்த ஜக்குன் பூர்வகுடிகள்தாம்.

கற்பூர மரம் தேடிக் காட்டுக்குள் நுழைந்தால் ஜக்குன்கள் வழக்கமான சொற்களை விட்டுவிடுவார்கள். அதற்கென்றே தனி மொழி. மாற்றிப் பேசினால் கற்பூரம் கிடைக்காது என்பது நம்பிக்கை. அந்தச் சொற்களை இருவரும் கேட்டு எழுதி 1894-இல் அச்சிட்டார்கள். நில அளவைக்கு அது தேவையே இல்லை. ஆனாலும் வரைபடத்தைவிட அதுதான் பெரிய சேகரிப்பு. மலையை மறுபடி அளக்கலாம், அந்தப் பேச்சை மறுபடி கேட்க முடியாது.

பெருமாள் கோயில் தீர்த்தத்தில் மணக்கும் பச்சைக் கற்பூரம் ஒரு காலத்தில் இந்த மரத்திலிருந்துதான் வந்தது.