முன் கொண்டி

முன் கொண்டி என்பது பிக்அப், லாரி, டிராக்டர் போன்ற வண்டிகளின் முன்பக்கச் சேஸியில் பொருத்தப்படும் இணைப்பு. கனமான டிரெய்லரை நெருக்கமான இடத்துக்குள் தள்ளி நிறுத்த இது உதவுகிறது. மேலைநாடுகளில் கேரவன் எனப்படும் வீட்டு டிரெய்லர் வைத்திருப்போரும் படகைத் தண்ணீரில் இறக்குவோரும் இதைப் பயன்படுத்துகிறார்கள். மலேசியாவில், மலாக்காவின் ஜாசின் மாவட்டத்தில் கேரவன் அரிது. அங்கே டிரெய்லர் என்றால் செம்பனைக் குலை ஏற்றும் டிராக்டர் வண்டிதான்.

அந்த வண்டி ஓடும் தோட்டங்களின் கதை ரப்பரில் தொடங்குகிறது. 1896இல் சீனத் தோட்ட முதலாளி டான் சாய் யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். பின்னர் லேடாங் மலையடியில், ஜாசினைச் சேர்ந்த அசாஹானில், பெருந்தோட்டம் எழுந்தது. அந்த ரப்பர் நிலங்களில் பெரும்பகுதி பிற்காலத்தில் செம்பனைக்கு மாறியது. பால் வாளியைத் தோளில் சுமந்து போகலாம். குலையை அப்படிச் சுமந்து மாளாது. வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலை சேர வேண்டும், தாமதித்தால் எண்ணெயில் அமிலம் ஏறும். ஆகவே மழையில் வழுக்கும் செம்மண் சாலையிலும் டிரெய்லர் ஓடியாக வேண்டும். திருவிழா நாளில் அதே டிரெய்லரைக் கழுவி, தோரணம் கட்டி, சாமி ரதமாக்கிய தோட்டங்களும் உண்டு. இரண்டு வேலையிலும் ஓட்டுநரின் கைத்திறன் தெரிவது கோஸ்தான் எடுக்கும்போதுதான், அதாவது வண்டியைப் பின்னோக்கி ஓட்டும்போதுதான்.

பின்னால் மாட்டிய டிரெய்லரைக் கோஸ்தான் எடுக்கையில் ஸ்டீரிங்கை வலப்புறம் திருப்பினால் டிரெய்லரின் வால் இடப்புறம் போகும். முன் கொண்டியிலும் இந்த விதி மாறுவதில்லை. டிரெய்லர் தானாக நேராகிவிடும் என்ற எண்ணம் தவறு. தள்ளப்படும் டிரெய்லர் எப்போதும் மடங்கவே பார்க்கும். மாறுவது ஓட்டுநரின் பார்வையும் பிடியும். கழுத்தைத் திருப்பாமல், கண்ணாடியை நம்பாமல், டிரெய்லரின் முகத்தை நேராகப் பார்த்து ஓட்டலாம். டொயோட்டா ஹைலக்ஸின் முன், பின் அச்சுகளுக்கிடையே 3.085 மீட்டர் இடைவெளி. பின் கொண்டி பின்னச்சிலிருந்து ஏறத்தாழ 1.2 மீட்டரில் இருக்கும். முன் கொண்டி அதே அச்சிலிருந்து 4 மீட்டருக்கு அப்பால். வண்டி திரும்பும்போது கொண்டி பக்கவாட்டில் நகரும் அளவு இந்தத் தொலைவைப் பொறுத்தது. ஆகவே ஸ்டீரிங்கின் அதே திருப்பத்துக்கு முன் கொண்டி மூன்று மடங்குக்கு மேல் நகர்கிறது. டிரெய்லர் மடங்கத் தொடங்கியதுமே அதைத் திருத்திவிட முடிவது இதனால்தான். முன் கொண்டியின் உண்மையான பயன் இதுவே என்று சொல்லலாம்.

இதற்கான விலை எடையில் இருக்கிறது. அமெரிக்க வழக்கில் கேரவனின் எடையில் 10 முதல் 15 விழுக்காடு கொண்டியின்மேல் அழுந்தும். 2,500 கிலோ கேரவன் என்றால் குறைந்தது 250 கிலோ. சந்தையில் கிடைக்கும் முன் கொண்டிகள் பலவற்றின் செங்குத்துத் தாங்குதிறனோ 500 பவுண்டு, அதாவது 227 கிலோ மட்டுமே. தாங்கும் கொண்டியே கிடைத்தாலும், அது முன்னச்சுக்கு ஒரு மீட்டர் முன்னால் இருப்பதால் அச்சின்மேல் சுமார் 330 கிலோ ஏறும்; பின்னச்சில் 80 கிலோ குறையும். பின்சக்கரம் மட்டும் உந்தும் வண்டி ஈர மண்ணில் பிடி இழக்கும். நான்கு சக்கர உந்துதலும் தாழ்ந்த கியரும் தேவை.

பல டிராக்டர்களில் முன் எடைத்தாங்கியிலேயே இணைப்பு ஊசி செருகும் துளை உண்டு. சேற்றில் மாட்டிய டிராக்டரை இழுத்தெடுக்கவே அது முதன்மையாக அமைந்தது. வெற்று டிரெய்லரைக் கொட்டகைக்குள் தள்ள அது போதும். குலை நிரம்பிய டிரெய்லரைத் தள்ளுமுன் தயாரிப்பாளர் தந்த வரம்பைப் பார்த்தே ஆக வேண்டும்.

கொண்டி மாட்டும்போது டிரெய்லர் சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பது முதல் வேலை. டிரெய்லருக்கும் டிராக்டருக்கும் நடுவில் ஒருவர் நின்றுகொண்டு வழிகாட்டும் பழக்கம் உயிரைப் பறிக்கக்கூடியது. அதை அடியோடு நிறுத்த வேண்டும். பக்கவாட்டில், ஓட்டுநரின் கண்ணில் படும் இடத்தில் நிற்க வேண்டும். வேகம் நடைவேகத்தைத் தாண்டக் கூடாது. டிரெய்லரின் பிரேக்கும் விளக்கும் இணையாத நிலையில் முன் கொண்டி சாலைக்கு உரியதல்ல. முற்றம், கொட்டகை, முகாம் ஆகியவற்றோடு அதன் வேலை முடிகிறது. மலேசியாவில் வண்டியின் அமைப்பை மாற்றுவது 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்துக்கு உட்பட்டது. பிக்அப்பில் கொண்டியைப் பற்றவைக்கும் முன் ஜேபிஜே எனப்படும் சாலைப் போக்குவரத்துத் துறையிடம் கேட்டுக்கொள்வது நல்லது.