மயிலிட்டிக் கிணறு எந்தப் பாடத்துக்கு உரியது?

மயிலிட்டி மக்கள் 1990 ஜூனில் இடம்பெயர்ந்தார்கள். துறைமுகமும் அதையொட்டிய காணிகளும் 2017 ஜூலை 3ஆம் திகதி விடுவிக்கப்பட்டபோது 27 வருடங்கள் ஓடியிருந்தன. பற்றை வெட்டிக் காணியைத் துப்புரவாக்கும் குடும்பத்துக்கு வீட்டுக்கு முன்னரே எழும் கேள்வி, கிணற்றுத் தண்ணீர் குடிக்க உதவுமா என்பதுதான்.

அந்தக் கேள்விக்கு ஒரே பாடத்துக்குள் பதில் இல்லை. மண்ணிலுள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு மென்னமிலமாகும் மழைநீர், நிலத்தடிச் சுண்ணக்கல்லையும் கரைக்கிறது. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவது அதுதான். இது இரசாயனம். நன்னீர் அடர்த்தி குறைந்தது என்பதால் உவர்நீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் 1 மீற்றர் நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீற்றருக்கு நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. மோட்டர் போட்டு மிதமிஞ்சி இறைத்தால் கிணறு சவராகிவிடும். இது பௌதிகம். தோட்டத்து உரத்திலிருந்தும் மலசலகூடக் குழியிலிருந்தும் நைத்திரேற்று வருகிறது. லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். போனால் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து. இது உயிரியல்.

தரம் 6 முதல் 11 வரை நமது பாடசாலைகளில் விஞ்ஞானம் ஒரே பாடம்தான். ஆனால் பாடநூலில் இவை வெவ்வேறு அலகுகளாக, சில வேளை வெவ்வேறு தரங்களில் கிடக்கின்றன. அவற்றைக் கிணற்றடியில் ஒன்றுசேர்ப்பது ஆசிரியரின் வேலை. பாடசாலைக்கு ஒரே விஞ்ஞான ஆசிரியர் என்றால், அந்த வேலையை அவர் தனியே செய்ய வேண்டியிருக்கிறது.

இலவசமாகக் கிடைப்பவை குறைவில்லை. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூல்களையும் தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டிகளையும் தரவிறக்கலாம். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தமிழிலும் உண்டு. பௌதிகவியலுக்கு நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன் 2002இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ‘ஃபெற்’ திட்டத்தில், அடர்த்தி உட்படப் பல விடயங்களைக் கணினித் திரையில் செய்து பார்க்கலாம். அவற்றுள் பலவற்றை ஒருமுறை இறக்கிவிட்டால் பிறகு இணையம் தேவையில்லை. டேட்டா காசை எண்ணிச் செலவழிப்பவர்களுக்கு இது சின்ன விடயமல்ல. அதே தளத்தில் ஆசிரியர்கள் தாங்கள் எழுதிய பாடத்திட்டங்களையும் பகிர்கிறார்கள். கழிவுப் பொருட்களில் விளையாட்டுப் பொருட்கள் செய்யும் அரவிந்த் குப்தாவின் காணொளிகள் தமிழிலும் இருக்கின்றன.

சிக்கல் சொல்லில் தொடங்குகிறது. தமிழ்நாட்டுப் பாடத்தில் ‘கால்சியம் கார்பனேட்’ என்பது நமக்குக் கல்சியம் காபனேற்று. அங்கே ஒளிச்சேர்க்கை, இங்கே ஒளித்தொகுப்பு. அங்கே ஆக்சிஜன், இங்கே ஒட்சிசன். சாதாரண தரப் பரீட்சை வினாத்தாள் நமது சொல்லில்தான் வரும். ஆகவே அங்கிருந்து வரும் நல்ல பாடத்தை அப்படியே பிரதியெடுத்துக் கொடுக்க முடியாது. மாற்றி எழுத வேண்டும்.

மாற்றி எழுத அனுமதி வேண்டும். இலவசமாகப் படிக்கத் தருவது வேறு, திருத்தத் தருவது வேறு. 2002 முதல் புழக்கத்திலுள்ள கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமங்கள் இதைக் கோப்பிலேயே சொல்லிவிடுகின்றன: ஆக்கியவரின் பெயரைக் குறிப்பிட்டால் போதும் என்பது ஒரு வகை, திருத்தியதை வெளியிடக்கூடாது என்பது இன்னொரு வகை. நமது வட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் செயலட்டைகளில் யார் எழுதியது என்பதே பெரும்பாலும் இருப்பதில்லை. அதிலும் பாதி, கடதாசியைப் படம்பிடித்துச் செய்த பிடிஎஃப். ஒரு சொல்லைத் திருத்த முழுவதையும் மீண்டும் தட்டச்சுச் செய்ய வேண்டும். திருத்தக்கூடிய வேர்ட் கோப்பையும் சேர்த்து அனுப்புவதற்கு ஒரு நிமிடம் கூடத் தேவையில்லை.

கோப்பு மட்டும் போதுமா என்பதற்கு மத்தியப் பிரதேசத்தில் ஒரு பழைய அனுபவம் இருக்கிறது. 1972இல் 16 நடுநிலைப் பாடசாலைகளில் தொடங்கிய ஹோஷங்காபாத் விஞ்ஞானக் கற்பித்தல் திட்டத்தில், மாணவர்கள் மலிவான பொருட்களைக் கொண்டு தாங்களே பரிசோதனை செய்தார்கள். ஆசிரியர்கள் மாதந்தோறும் கூடி, வகுப்பில் எது சரிவந்தது, எது சரிவரவில்லை என்று பேசினார்கள். அதைக்கொண்டு பயிற்சிநூல்கள் திருத்தப்பட்டன. 2002இல் மாநில அரசு திட்டத்தை நிறுத்திவிட்டது. பின்னர் அந்த நூல்களை ஏகலவ்யா நிறுவனம் இணையத்தில் இலவசமாக வைத்தது. நூல்கள் மிஞ்சின, அந்த மாதக் கூட்டம் தரவிறக்கத்தில் வராது.

நமது ஊருக்கு ஒரு தொடக்கம் இப்படி இருக்கலாம். ஒரு லீற்றர் தண்ணீரில் 35 கிராம் உப்பைக் கரைத்து, உடுப்புக்குப் போடும் நீலம் சிறிது கலந்து, ஒளிபுகும் போத்தலில் பாதிக்கு ஊற்றுங்கள். அதன் மேல் நல்ல தண்ணீரைக் கரண்டியின் முதுகில் மெல்ல வழியவிடுங்கள். தெளிந்த படை மேலே நிற்கும். அந்தப் படைக்குள் ஒரு ஸ்ட்ரோவை விட்டு உறிஞ்ச உறிஞ்ச, தெளிந்த படை மெலிந்துகொண்டே போவதைப் பிள்ளைகள் பார்ப்பார்கள். (கடைசி வாய் உப்புக் கரிக்கும், அதற்காகவே ஒருவர் முன்வருவார்.) செயலட்டையின் தலைப்பில் தரம், ஊர், திகதி, எழுதியவர் பெயர் எழுதலாம். அடியில் நாலு வரி வெறுமையாக விட்டால், அடுத்த பாடசாலை ஆசிரியர் தன் கிணற்றில் என்ன கண்டார் என்று எழுத இடமிருக்கும்.