இந்திரா பார்த்த மண்டையோடு

ஜெயமங்கலம் என்ற பெயர் தேனி மாவட்டத்துக்கு வெளியே எத்தனை பேருக்குத் தெரியும்? பெரியகுளம் வட்டத்தில், வைகை அணைக்குப் பக்கத்தில் இருக்கிற விவசாய ஊர் அது. அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒன்று எகிப்துக்குப் போய் பிரமிடு பார்ப்பதும், லண்டனுக்குப் போய் மியூசியம் சுற்றுவதும் நடக்கிற காரியமா? பாஸ்போர்ட், விசா, விமான டிக்கெட், தங்கும் செலவு என்று கணக்குப் போட்டால் கூலி வேலை பார்க்கும் ஒரு குடும்பத்தின் பல வருட வருமானம் அதிலேயே போய்விடும். அதனால்தான் பழைய இடங்களைத் தேடிப் போவதும் மியூசியம் பார்ப்பதும் வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கு உரியவை என்று பலரும் நினைத்துக் கொள்கிறார்கள்.

அந்த நினைப்பு எந்த அளவுக்குச் சரி? வசதியான வீட்டுப் பிள்ளை ஒன்று அப்படிப் போய்ப் பார்த்த கதையை எடுத்துக்கொண்டே இதைப் பார்க்கலாம்.

எட்டு வயதில் கப்பல் பயணம்

1926 மார்ச் மாதம் ஜவஹர்லால் நேரு தன் மனைவி கமலா, மகள் இந்திரா ஆகியோருடன் பம்பாயில் கப்பல் ஏறினார். இந்திரா 1917 நவம்பர் 19-ல் பிறந்தவர். அப்போது எட்டு வயதுதான். அது உல்லாசப் பயணம் அல்ல. கமலாவுக்குக் காசநோய். அந்தக் காலத்தில் அதற்குச் சரியான மருந்து கிடையாது. மலைக்காற்று உடம்புக்கு நல்லது என்று டாக்டர்கள் சொல்ல, சுவிட்சர்லாந்துக்குப் போனார்கள். ஜெனீவாவில் ஒரு சர்வதேசப் பள்ளியில் இந்திராவைச் சேர்த்தார்கள். மொழி புதிது, ஊர் புதிது, அம்மாவோ படுக்கையில். பணம் இருந்தும் அந்தக் குழந்தைக்கு அது அவ்வளவு சுகமான காலம் அல்ல என்பதை மறந்துவிடக் கூடாது.

ஆனால் அந்த இரண்டு வருடத்தில் இந்திரா ஐரோப்பாவின் பல ஊர்களைப் பார்த்தார். 1927 டிசம்பரில் குடும்பம் பிரான்சின் மார்செய் துறைமுகத்தில் இருந்து கொழும்பு வழியாகத் திரும்பியது. இந்திய மண்ணில் அவர்கள் போய்ச் சேர்ந்த பெரிய நகரம் நம் சென்னைதான். அந்த மாதக் கடைசியில் அங்கே காங்கிரஸ் மாநாடு நடந்தது.

பூட்டி வைத்த பெட்டி

அடுத்த கோடையில், அதாவது 1928-ல், இந்திரா முசோரி மலையில் இருந்தார். நேரு கீழே அலகாபாத்தில் இருந்தார். பத்து வயது மகளுக்கு உலகம் தோன்றிய கதையைக் கடிதங்களாக எழுத ஆரம்பித்தார். அந்தக் கடிதங்கள் 1929-ல் புத்தகமாக வந்தன. இந்தியில் அவற்றை மொழிபெயர்த்தவர் புகழ்பெற்ற எழுத்தாளர் பிரேம்சந்த்.

அந்தக் கடிதங்களில் ஓர் இடத்தில் நேரு மகளிடம் ஒரு பழைய பயணத்தை ஞாபகப்படுத்துகிறார். ஜெர்மனியில் ஹைடல்பர்க் என்ற ஊரில் ஒரு வயதான பேராசிரியரைப் போய்ப் பார்த்தோமே, அவரிடம் புதைபடிவங்கள் நிறைந்த சின்ன மியூசியம் இருந்ததே, ஒரு பழைய மண்டையோட்டை மட்டும் பெட்டகத்தில் பூட்டிப் பத்திரமாக வைத்திருந்தாரே, ஞாபகம் இருக்கிறதா என்கிற தொனியில் கேட்கிறார். ஆதி மனிதனைப் பற்றிய பாடத்தை அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறார். லண்டனில் உள்ள தென் கென்சிங்டன் மியூசியமும் அந்தக் கடிதங்களில் வருகிறது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எலும்பைப் பார்த்த அன்றைக்கு அந்தக் குழந்தைக்கு அது வெறும் எலும்பாகத்தான் இருந்திருக்கும். பிற்பாடு ஒருவர் உட்கார்ந்து, "ஞாபகம் இருக்கிறதா?" என்று கேட்டு, அதற்கு அர்த்தம் சொன்ன பிறகுதான் அது பாடமாக மாறுகிறது. மியூசியத்துக்குக் கூட்டிப் போனதோடு அப்பாவின் வேலை முடிந்துவிடவில்லை.

இன்னொரு ஆச்சரியம், அந்தக் கடிதங்களின் முதல் பாடத்துக்கு மியூசியமே தேவைப்படவில்லை. ரோட்டோரம் கிடக்கிற ஒரு கூழாங்கல்லைத்தான் நேரு உதாரணம் காட்டுகிறார். பாறையில் இருந்து உடைந்து விழும் கல்லுக்குக் கூர்மையான முனைகள் இருக்கும். ஆற்றில் உருண்டு உருண்டு வந்த கல் வழவழப்பாக, உருண்டையாக இருக்கும். ஆக, ஒரு கல்லின் வடிவத்தைப் பார்த்தே அதன் வரலாற்றைப் படிக்கலாம் என்கிறார். ஐரோப்பா முழுக்கச் சுற்றிக் காட்டிய அப்பா, பாடம் நடத்த எடுத்துக்கொண்டது எந்த ஊரிலும் சும்மா கிடைக்கிற ஒரு கல்லை!

நேரு பிறகு சிறைக்குப் போனார். 1930 அக்டோபரில் இருந்து 1933 ஆகஸ்ட் வரை சிறையில் இருந்த நாட்களில் மகளுக்காக உலக வரலாற்றை 196 கடிதங்களாக எழுதினார். பக்கத்தில் பெரிய நூலகம் எதுவும் கிடையாது. அந்தப் புத்தகம் ஓ.வி. அளகேசன் மொழிபெயர்ப்பில் 'உலக சரித்திரம்' என்ற பெயரில் தமிழிலும் வந்தது.

மணல் அள்ளிய தொழிலாளி

இப்போது ஹைடல்பர்க் எலும்புக்குத் திரும்புவோம். நேரு மண்டையோடு என்று எழுதினாலும், ஹைடல்பர்க் மனிதன் என்ற பெயருக்குக் காரணமான எலும்பு ஒரு கீழ்த்தாடைதான். அது கிடைத்த கதை அந்த மியூசியத்தைவிடச் சுவாரஸ்யமானது.

ஹைடல்பர்க் பக்கத்தில் மௌவர் என்று ஒரு கிராமம். அங்கே ஒரு மணல் குவாரி. ஓட்டோ ஷோட்டென்சாக் என்ற ஆய்வாளர் அந்தக் குவாரிக்கு அடிக்கடி போவார். மணல் வெட்டும் தொழிலாளர்களிடம், "எலும்பு மாதிரி ஏதாவது தட்டுப்பட்டால் தூக்கி எறிந்து விடாதீர்கள், எனக்குச் சொல்லி அனுப்புங்கள்" என்று கேட்டுக்கொள்வார். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஏறக்குறைய இருபது வருடம்! 1907 அக்டோபர் 21 அன்று டேனியல் ஹார்ட்மன் என்ற தொழிலாளியின் மண்வெட்டியில் அந்தத் தாடை பட்டது. சுமார் 24 மீட்டர் ஆழத்தில் கிடந்த எலும்பு அது. அடுத்த வருடமே ஷோட்டென்சாக் அதை உலகத்துக்கு அறிவித்தார். அதன் வயது சுமார் 6 லட்சம் ஆண்டு என்று இப்போது சொல்கிறார்கள்.

அந்தத் தொழிலாளி எந்த வெளிநாட்டு மியூசியத்தையும் சுற்றியவர் அல்ல. பார்த்தால் சொல்லுங்கள் என்று யாரோ ஒருவர் பொறுமையாகச் சொல்லி வைத்திருந்தார், அவ்வளவுதான். சொல்லி வைக்காமல் இருந்திருந்தால் அந்தத் தாடை லோடோடு லோடாக ஏதோ ஒரு கட்டடத்துக்குள் போயிருக்கும். இந்திராவுக்கு அந்தப் பாடமும் கிடைத்திருக்காது.

அதே வருடங்களில் இன்னொரு சிறுமி

இந்திரா ஐரோப்பாவில் இருந்த அதே காலகட்டத்தில் அங்கே இன்னொரு சிறுமியும் சுற்றிக்கொண்டிருந்தார். பெயர் மேரி நிகோல். 1913-ல் லண்டனில் பிறந்தவர். அப்பா ஓவியர். படம் வரைய அவர் போகிற ஊருக்கெல்லாம் குடும்பமும் கூடவே போகும். 1925-ல், பன்னிரண்டு வயதில், மேரி தென்மேற்கு பிரான்சில் இருந்தார். கற்கால மனிதர்கள் வாழ்ந்த குகைகள் நிறைந்த பகுதி அது. அங்கே எலி பெய்ரோனி என்பவர் அகழாய்வு செய்துகொண்டிருந்தார். தோண்டிக் கொட்டிய மண்ணில் தேடிப் பார்க்க அந்தச் சிறுமியை அவர் அனுமதித்தார். வேண்டாம் என்று தள்ளிய குவியலில் இருந்து கல் கருவிகளைப் பொறுக்கி, வகை பிரித்து வைத்தார் மேரி. பிறகு கப்ரெரே என்ற கிராமத்தில் லெமோசி என்ற பாதிரியார், ஆதி மனிதர்களின் ஓவியங்கள் உள்ள பெஷ் மெர்ல் குகைக்கு அவரைக் கூட்டிப் போனார்.

1926-ல் மேரியின் அப்பா இறந்து போனார். பயணங்கள் நின்றன. பள்ளிக்கூடமும் ஒத்துவரவில்லை, இரண்டு பள்ளிகளில் இருந்து வெளியே அனுப்பினார்கள். பட்டம் எதுவும் வாங்காத அந்தப் பெண்தான் பிற்காலத்தில் மேரி லீக்கி என்று உலகம் அறிந்த தொல்லியலாளர். 1959 ஜூலை 17-ல் தான்சானியாவின் ஓல்டுவாயில் 17 லட்சம் ஆண்டுகளுக்கு மேல் பழமையான மண்டையோட்டைக் கண்டெடுத்தவர் அவர். சுமார் 36 லட்சம் ஆண்டு பழைய லேட்டோலி காலடித் தடங்களை 1970-களின் பிற்பகுதியில் வெளிக்கொண்டு வந்ததும் அவருடைய குழுதான்.

இரண்டு சிறுமிகளின் வாழ்க்கையும் வேறு வேறு திசையில் போனது. ஆனால் இருவர் கதையிலும் பொதுவாக ஒருவர் இருக்கிறார். இந்திராவுக்கு அப்பா, மேரிக்கு அந்த அகழாய்வாளரும் பாதிரியாரும். "இங்கே வா, இதைப் பார்" என்று சொன்ன பெரியவர்கள் அவர்கள்.

இந்திரா பிரதமராக இருந்தபோதுதான் தொல்பொருள்கள் மற்றும் கலைப் பொக்கிஷங்கள் சட்டம் 1972-ல் நிறைவேறியது. 1976-ல் நடைமுறைக்கு வந்தது. பழம்பொருட்களைத் தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்வதை அந்தச் சட்டம் தடுக்கிறது. சிறுவயதில் பார்த்த மியூசியங்களுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு என்று நிரூபிக்க முடியாது. என்றாலும் நினைத்துப் பார்க்க நன்றாக இருக்கிறது.

வைகைக் கரையில்

சரி, ஜெயமங்கலத்துப் பிள்ளைக்கு என்ன இருக்கிறது?

அந்த ஊருக்குப் பக்கத்தில் ஓடுகிற வைகையில் இருந்தே ஆரம்பிக்கலாம். வருசநாட்டு மலையில் பிறக்கிற அந்த ஆறு ஆண்டிபட்டி வட்டத்தில் புலிமான்கோம்பை என்ற ஊரைத் தொட்டுக்கொண்டு போகிறது. 2006-ல் தஞ்சாவூர்த் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் கா. ராஜன் தலைமையிலான குழு அங்கே தமிழ் பிராமி எழுத்து உள்ள மூன்று நடுகற்களைக் கண்டுபிடித்தது. அந்தக் குழுவில் ஆய்வு மாணவர்களும் இருந்தார்கள். இந்தியாவிலேயே மிகப் பழைய எழுத்துள்ள நடுகற்கள் இவைதான் என்கிறார்கள். கி.மு. நான்காம் நூற்றாண்டு வரை இவற்றின் காலத்தைக் கொண்டு போகிற அறிஞர்கள் உண்டு. அதைவிடப் பிந்தியவை என்று சொல்பவர்களும் உண்டு.

ஒரு கல்லில் இருக்கிற செய்தி இதுதான்: கூடல் ஊரில் நடந்த ஆநிரைச் சண்டையில் இறந்துபோன தீயன் அந்தவன் என்பவனுக்கு எடுத்த கல். மாடு கவர்தலைக் குறிக்க அதில் வெட்டியிருக்கும் 'ஆகோள்' என்ற சொல் தொல்காப்பியத்திலும் வருகிறது. பரீட்சைக்காக மனப்பாடம் செய்கிற வெட்சித் திணை, பக்கத்து ஊர்க் கல்லில் நிற்கிறது! கம்பம் பள்ளத்தாக்கில் இன்றும் கூடலூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. கல்லில் உள்ள ஊர் அதுதானா என்ற கேள்வியை ஒரு பள்ளிப் பிள்ளை தாராளமாகக் கேட்கலாம்.

அதே மாவட்டத்துச் சின்னமனூரில் பாண்டியர் செப்பேடுகள் கிடைத்தன. மதுரையில் சங்கம் வைத்ததையும் மகாபாரதத்தைத் தமிழாக்கியதையும் சொல்கிற செப்பேடு அது. வைகையோடு இன்னும் கீழே போனால் மதுரை தாண்டி கீழடி. அங்கே 2023 மார்ச் 5-ல் அருங்காட்சியகம் திறந்தார்கள். ஜெயமங்கலத்தில் இருந்து காலையில் பஸ் ஏறினால் பார்த்துவிட்டு ராத்திரிக்குள் வீடு திரும்பலாம். இன்னும் கீழே கடல் பக்கம் அழகன்குளம். ரோமானிய நாட்டோடு வணிகம் நடந்ததற்கான சான்றுகள் அங்கே கிடைத்தன. வெளிநாடே இந்த ஆற்றங்கரையைத் தேடி வந்திருக்கிறது.

ஆனால் வருத்தமான பக்கமும் உண்டு. ஊர் ஊராக எத்தனையோ பழைய கற்கள் துணி துவைக்கும் கல்லாகவும், வாசப்படியாகவும், வரப்பு ஓரக் கல்லாகவும் மாறிக்கொண்டிருக்கின்றன. மணல் அள்ளும் இடத்திலும், வீட்டுக்கு வானம் தோண்டும் இடத்திலும் பானை ஓடுகள் உடைந்து போகின்றன. உடைப்பவர்கள் கெட்டவர்கள் அல்ல. அது என்ன என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. மௌவர் குவாரிக்கு ஷோட்டென்சாக் போனதுபோல இங்கே ஒவ்வொரு ஊருக்கும் ஓர் ஆள் வேண்டும். அது வாத்தியாராக இருக்கலாம், காலேஜ் மாணவராக இருக்கலாம், அந்த ஊர்ப் பெரியவராகவும் இருக்கலாம். எழுத்துள்ள கல்லோ பழைய பானையோ தட்டுப்பட்டால் அதை நகர்த்தாமல் கிராம நிர்வாக அலுவலரிடமோ தாசில்தாரிடமோ சொன்னால் போதும். தொல்லியல் துறைக்கு அங்கிருந்து தகவல் போய்விடும்.

வெளிநாட்டு மியூசியம் பார்க்கக் கிடைத்தால் நல்லதுதான். அதற்குப் பணம் வேண்டும், வாய்ப்பு வேண்டும். அது எல்லாப் பிள்ளைக்கும் கிடைக்காது. பார்த்ததைப் பற்றிக் கேட்க ஒரு பெரியவர் கிடைப்பதற்குச் செலவே இல்லை. இந்த லீவில் வீட்டில் இருக்கிற தம்பி தங்கையைப் பக்கத்து ஊர்ப் பழைய கோயிலுக்கோ, நடுகல்லுக்கோ கூட்டிப் போங்கள். ஒரு மாதம் கழித்து, "அன்னிக்கு ஒரு கல்லைப் பார்த்தோமே, ஞாபகம் இருக்கா?" என்று கேளுங்கள்.