ஓர் எழுத்துப் பிழை

என் தங்கையின் பேத்தி மருந்து கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறாள். மருந்து ஆராய்ச்சி என்றாலே வெள்ளைக் கோட்டும் கண்ணாடிக் குடுவையும்தான் எனக்கு ஞாபகம் வரும். அவளிடம் இரண்டுமே கிடையாது. கணினி உயிரியல் குழு ஒன்றுக்கு அவள் தலைவி. பொங்கலுக்கு வந்தவளிடம், "அப்படி என்னதாம்மா செய்யறீங்க?" என்று கேட்டேன்.

"எழுத்துகளைத் தேடறோம் தாத்தா" என்று மடிக்கணினியைத் திறந்து காட்டினாள். திரை முழுக்க ஆங்கில எழுத்துகள், நடுவில் இடைவெளியே இல்லாமல். ஒவ்வோர் எழுத்தும் ஓர் அமினோ அமிலம். அவை கோத்து நின்றால் ஒரு புரதம். நோயை உண்டாக்கும் புரதத்தை அதன் சொந்தக்காரப் புரதங்களோடு ஒப்பிட்டு, எங்கே அடித்தால் நோய் அடங்கும், எதைத் தொட்டால் நல்ல உறுப்பும் கெடும் என்று சொல்வது அவர்கள் வேலை.

"இந்த எழுத்துகளை வைத்தது யார்?" என்றேன். தெரியவில்லை, தேடிப் பார்க்கவே தோன்றவில்லை என்றாள். எனக்குத் தோன்றியது. நாற்பது வருடம் பதிவேடு எழுதியவனுக்கு முதல் ஏட்டைத் திறந்தவர் யாரென்று பார்க்காமல் தூக்கம் வராது.

அவர் மார்கரெட் டேஹாஃப் என்ற அமெரிக்கப் பெண்மணி. 1925-இல் பிலடெல்பியாவில் பிறந்தவர். துளை அட்டை இயந்திரங்களைக் கொண்டு வேதியியல் கணக்குகள் போட்டு, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1948-இல் டாக்டர் பட்டம் வாங்கினார். அந்தக் காலத்தில் ஒரு புரதத்தை அப்படியே முழுசாகப் படிக்க முடியாது. துண்டு துண்டாக வெட்டிப் படித்து, ஒன்றின் வாலும் இன்னொன்றின் தலையும் எங்கே ஒத்துப்போகிறது என்று பார்த்து ஒட்டவேண்டும். கிழிந்த பதிவேட்டை மேசைமேல் பரப்பி வைத்துச் சேர்த்தவர்களுக்கு இந்தப் பாடு புரியும். டேஹாஃபும் ராபர்ட் லெட்லியும் 1962-இல் ஐபிஎம் 7090 கணினியில் ஒரு நிரல் எழுதி, அதைச் சில நிமிட வேலையாக்கிவிட்டார்கள்.

பிறகு 1965-இல் மேரிலாந்தில் ஒரு சிறு குழுவை வைத்துக்கொண்டு, அதுவரை தெரிந்த 65 புரதங்களின் வரிசைகளை ஒரே புத்தகமாகத் தொகுத்தார். அட்டையில் அடிக்க இடம் மிச்சமாகட்டும் என்று மூன்றெழுத்துக் குறியீடுகளை ஓரெழுத்தாகச் சுருக்கியவரும் அவர்தான். அலனினுக்கு 'ஏ', கிளைசினுக்கு 'ஜி'. ட்ரிப்டோபேனுக்கு மட்டும் 'டபிள்யூ'. அதன் உருவத்தில் இரட்டை வளையம் இருப்பதால் இரட்டை எழுத்து என்று ஞாபகம் வைத்துக்கொள்கிறார்களாம். இந்த ஒன்று எனக்குப் பிடித்துப்போயிற்று.

புத்தகம் எல்லோருக்கும் பயன்பட்டது. அவருக்கு மட்டும் மரியாதை மெதுவாகத்தான் வந்தது. மற்றவர் கண்டுபிடித்ததைச் சேர்த்து எழுதுவது ஆராய்ச்சி ஆகுமா என்று உயிர்வேதியியல் சங்கத்தில் சேர்க்கவே முதலில் தயங்கினார்கள். "காப்பி எழுதற குமாஸ்தாதானே" என்ற பேச்சை நானும் கேட்டிருக்கிறேன்.

காப்பி எழுதுவதில் என்ன நேரும் என்பதற்கு என் கதையே போதும். 1970-களின் கடைசியில் ஓர் அலுவலகத்தில் குடும்ப ஓய்வூதியக் கோப்புகள் என்னிடம் இருந்தன. நம் ஊர் எத்தா சிவில் பதிவேட்டில் 'முத்து' என்ற பெயரில் வரும் ஒவ்வோர் உகரத்துக்கும் பிரெஞ்சு வழக்கப்படி 'ஓ, யு' என்று இரண்டெழுத்து இருக்கும். அப்போதுதான் ஆங்கிலத்துக்குக் கைபழகிக்கொண்டிருந்த நான், ஓரிடத்தில் 'ஓ'வை விட்டுவிட்டேன். பதிவேட்டில் ஒரு பெயர், உத்தரவில் ஒரு பெயர். அந்த விதவை அம்மாள் பதினான்கு மாதம் மஞ்சள் பையோடு நடந்தார். கடைசியில் பிழையைக் கண்டுபிடித்தவனும் நான்தான். அவரிடம் அது என் கைப்பிழை என்று சொல்லவில்லை. "மேலிடத்தில் தாமதம்மா" என்று சொன்னேன்.

உடம்பிலும் அப்படித்தான் போலிருக்கிறது. அரிவாள் செல் நோயில் ஹீமோகுளோபினின் ஒரு சங்கிலியில் ஆறாவது இடத்தில் 'ஈ' இருக்கவேண்டிய இடத்தில் 'வி' இருக்கிறது. அவ்வளவே. ரத்த அணு வளைந்துவிடுகிறது.

1982-இல் டேஹாஃபும் அவர் குழுவின் வினோனா பார்க்கரும் தங்கள் ஏட்டில் தேடி, கோழிகளுக்குப் புற்று உண்டாக்கும் ஒரு வைரஸின் புரதமும், நம் போன்ற பாலூட்டிகளின் உடம்பில் சாதாரணமாக வேலை செய்யும் கைனேஸ் என்ற நொதியும் ஒரே வம்சம் என்று காட்டினார்கள். மறுவருடம் பிப்ரவரியில் மாரடைப்பால் டேஹாஃப் போய்விட்டார். வயது 57.

அந்தக் கைனேஸ் வம்சத்தைக் குறிவைத்துச் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் உருவானது இமாட்டினிப் மாத்திரை. அமெரிக்காவில் 2001-இல் அனுமதி கிடைத்தது. ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்காரர்களை மாத்திரையோடு வருடக்கணக்கில் வாழவைத்தது அது. சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் தொடங்கி 2013-இல் உச்ச நீதிமன்றத்தில் முடிந்த வழக்கு உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும், அந்த மருந்துதான். டேஹாஃப் அதைக் கண்டுபிடிக்கவில்லை. அந்த வம்சத்தின் சொந்தபந்தங்களைப் பதிந்தவர்களில் அவர் ஒருவர்.

இதையெல்லாம் போனில் பேத்தியிடம் சொன்னேன். சற்று நேரம் சத்தமே இல்லை. பிறகு, "எங்க குழுவில் வரிசைகளைச் சரிபார்க்க ஒரு பையன் இருக்கான் தாத்தா. அவன் பேரை அறிக்கையில் போட்டதே இல்லை" என்றாள்.

என் நோட்டில் பழைய வழக்கப்படி குடும்பப் பெயரை முதலில் வைத்து எழுதிக்கொண்டேன்: டேஹாஃப், மார்கரெட் ஓக்லி. இரண்டு தரம் சரிபார்த்தேன்.