பத்திரம் வேறு, பாத்தியம் வேறு

செண்பகனூர்ப் பக்கம் பத்து சென்ட் வாங்க நினைப்பவர்கள், "பத்திரம் பதிவாகிவிட்டால் அப்புறம் என்ன பயம்?" என்பார்கள். பயம் உண்டு. அதற்கு ஒரு வரலாறும் உண்டு.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரெஞ்சு முறையில் கிரயப் பத்திரம் எழுதுபவர் நொத்தேர். விற்பவர் யார், சொத்து அவருக்கு எப்படி வந்தது என்று பார்ப்பது அவர் கடமை. தென் ஆஸ்திரேலியாவில் 1858இல் வந்த டோரன்ஸ் முறையிலோ, உரிமைக்கு அரசே பொறுப்பு. ஆங்கிலேயர் நமக்கு விட்டுச்சென்ற 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் ஆவணத்தைத்தான் பதிகிறது. உரிமைக்கு உத்தரவாதம் தருவதில்லை.

மலையில் இன்னொரு சிக்கல். 1845இல் அமெரிக்க மதுரை மிஷன் கொடைக்கானலில் முதல் இரண்டு வீடுகளைக் கட்டியதே வெயில் காலத்துக்காகத்தான். இன்றும் சொந்தக்காரர் பலர் கீழே இருக்கிறார்கள். பூட்டிய வீடும் பவர் பத்திரமும் மோசடிக்காரருக்கு வசதி. பவரை வைத்துக்கொண்டு மட்டும் சொத்து கைமாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011இல் தெளிவாக்கியது.

நொத்தேர் இல்லாத ஊரில் அந்த வேலையைத் தரகர்தான் செய்ய வேண்டும். தாய்ப் பத்திரம், பட்டா, வில்லங்கம் மூன்றையும் ஒப்பிட வேண்டும். பதியாத உயிலும் வாரிசுப் பங்கும் வில்லங்கத்தில் வராது, விசாரிக்க வேண்டும். பவர் கொடுத்தவரை நேரில் பார்க்க வேண்டும். அதன் பிறகே அட்வான்ஸ். இவற்றைச் செய்பவருக்குக் கமிஷனைத் தயங்காமல் கொடுக்கலாம்.