ஹோட்டன் சமவெளி: பெயர்ப்பலகையில் இல்லாத நடைகள்

ஹோட்டன் சமவெளிக்குப் போய்வந்த யாருடைய போனைத் திறந்தாலும் ஒரே படம்தான் இருக்கும்: உலக முடிவு, கீழே மேகம், விளிம்பில ஒரு செல்ஃபி. ஏறத்தாழ 870 மீற்றர் பள்ளம், படம் எடுக்காமல் யார்தான் வருவார்கள்? விடியப் பட்டிப்பொலையிலிருந்தோ ஒகியாவிலிருந்தோ வெளிக்கிட்டு, வாசலில் பொலித்தீனைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, 9 கிலோமீற்றருக்குச் சற்றுக் கூடிய வட்டப்பாதையை நடந்து முடிக்கிறோம். சரி, இந்த நடை எப்போது பொழுதுபோக்கானது? அதற்கு முன்னர் இந்த மலைகளில் யார், எதற்காக நடந்தார்கள்?

பெயர்களிலிருந்து தொடங்கலாம். சிங்களத்தில் இந்த இடம் 'மஹ எலிய', பெரிய வெட்டவெளி. 1831 முதல் 1837 வரை இலங்கையின் ஆளுநராக இருந்த றொபேட் வில்மட் ஹோட்டனின் பெயர் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. பேக்கர் நீர்வீழ்ச்சி, சாமுவேல் பேக்கரின் பெயர். ஃபார் இன், தோமஸ் ஃபாரின் வேட்டை விடுதி. நடக்கிற பாதையெல்லாம் துரைமாரின் பெயர்தான்.

அந்தத் துரைமாருக்கும் இது பொழுதுபோக்கு இடம்தான். ஆனால் அவர்களின் பொழுதுபோக்கு வேட்டை. பேக்கர் நாய்களை விட்டு மரைகளைத் துரத்தினார், அதைப் புத்தகமாகவும் எழுதினார். மேஜர் றொஜர்ஸ் என்ற அதிகாரி மலைநாட்டில் 1,400க்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டதாகச் சொல்லப்படுகிறது. 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கிச் செத்தார். இன்றைக்குச் சமவெளியில் மரை கூட்டமாக மேயுது. யானை ஒன்றுகூட இல்லை.

அதே காலத்தில்தான் கீழ்மலைகளில் கோப்பிக்காகக் காடு வெட்டப்பட்டது. 1840ஆம் ஆண்டு முடிக்குரிய காணிச் சட்டம் உறுதி இல்லாத காணிகளை அரசுக்குரியதாக்கியது. அவை தோட்டக்காரருக்கு மலிவாகப் போயின. காடு வேகமாகக் கரைவதைக் கண்ட தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கரின் ஆலோசனைப்படி, 1873இல் 5,000 அடிக்கு மேலுள்ள காடுகளை வெட்டக்கூடாது என்று அரசு கட்டளையிட்டது. சமவெளி தப்பியதற்கு அது ஒரு முக்கிய காரணம். மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் இங்கிருந்து தண்ணீர் போகுது என்பதை யோசித்தால், அந்தக் கோட்டின் பெறுமதி விளங்கும். 1988இல் இது தேசிய பூங்காவானது. 2010இல் நக்கிள்ஸ், சிவனொளிபாத மலைக் காடுகளோடு சேர்த்து யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது.

இந்தக் கதையை இப்படியே முடித்தால் அது பாதிக் கதை. அந்தக் கோட்டுக்குக் கீழே காட்டை வெட்டியது யார்? சட்டம் போட்டவர்கள் கோடரி பிடிக்கவில்லை. தமிழ்நாட்டிலிருந்து கங்காணிமாரோடு கூட்டிவரப்பட்ட சனம்தான் பிடித்தது. மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டினூடாக, தம்புள்ளையைத் தாண்டி மாத்தளை வரை நடந்தார்கள். தண்ணீரில்லாமலும் வாந்திபேதியாலும் வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். அவர்களின் பெயரில் நீர்வீழ்ச்சியும் இல்லை, விடுதியும் இல்லை. 200 ஆண்டுகள் கழித்து, 2023இல், தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு அதே பாதையில் மலையக மக்கள் நினைவு நடை நடந்தார்கள். அந்தப் பாதைக்கு அவர்களே போட்ட பெயர்ப்பலகை அது.

உலக முடிவில் நின்று வானம் தெளிவாக இருக்கிற நேரம் கீழே பாருங்கள். தேயிலை தெரியும். கோப்பி நோயில் அழிந்தபின் வந்த தேயிலை. அங்கே இப்பவும் சனம் கொழுந்துக் கூடையோடு மேடும் பள்ளமும் ஏறி இறங்குது. நாங்கள் வருடத்தில் ஒருநாள் காசு கட்டி ஏறுகிற மலையை அவர்கள் சம்பளத்துக்காக ஒவ்வொரு நாளும் ஏறுகிறார்கள். அதை யாரும் ஹைக்கிங் என்று சொல்வதில்லை.

இதற்காகச் சமவெளிக்குப் போகாதீர்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. கட்டாயம் போங்கள். பொலித்தீனை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள், பாதையை விட்டுப் புல்லில் இறங்காதீர்கள், மரைக்கு பிஸ்கட் நீட்டாதீர்கள். காடு காப்பாற்றப்பட்ட கதையைப் பெருமையோடு சொல்லுங்கள். கூடவே, 5,000 அடிக் கோட்டுக்குக் கீழே நடந்தவர்களின் கதையையும் சொல்லுங்கள். இரண்டும் ஒரே மலையின் வரலாறுதான்.